வளைய ஆன்டெனாவுக்குச் செம்பா அலுமினியமா என்று கேட்ட மகளுக்கு

கலை,

நீ அனுப்பிய ஈமெயிலை சைபர் கஃபேயில் அச்செடுத்து வந்து மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். மகர்பட்டாவில் உன் ஃபிளாட் பதினோராவது மாடி. மொட்டைமாடியில் கம்பி கட்ட சொசைட்டிக்காரர்கள் விடவில்லை. அதனால் பால்கனியிலேயே ஒரு மீட்டர் அகலத்துக்கு வளைய ஆன்டெனா செய்து, பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபடி ஹாம் ரேடியோவைத் தொடப் போகிறாய். 'வளையத்துக்குக் காப்பர் போடட்டுமா, அலுமினியம் போதுமாப்பா, நீதான் சொல்லணும்' என்று கேட்டிருக்கிறாய். அத்தோடு விட்டிருந்தால் நாலு வரியில் பதில் போட்டிருப்பேன். கடைசியில் இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கிறாயே: 'ஞாயித்துக்கிழமை வந்துடு. நான் டியூன் பண்றேன், நீ கீ பிடி. அன்னைக்கு மாதிரி அஜாக்கிரதையா இருக்க மாட்டேன், பிராமிஸ்.' அந்த இரண்டு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். இந்தியில் எழுதினால் ஒரே மூச்சில் படித்துவிட்டு உடனே எனக்கு ஃபோன் போட்டுவிடுவாய். ஃபோனில் உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் பொய் சொல்லுவேன். மெதுவாகப் படி.

முதலில் கேட்டதற்குப் பதில். செம்பு போடு. அரை அங்குலத்துக்குக் குறையாத குழாயாக, நடுவில் ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக வளை. கட்டிக் கம்பி தேவையில்லை. இந்த அலைவரிசையில் மின்சாரம் உலோகத்துக்குள்ளே போவதே இல்லை, தலைமுடியைவிட மெல்லிய மேல்தோலில் மட்டும் ஓடுகிறது. அதனால் எடையைப் பார்க்காதே, மேற்பரப்பைப் பார். செம்பு கிடைக்காவிட்டால் ஒரு அங்குல அலுமினியக் குழாய் அரை அங்குலச் செம்புக்குச் சளைத்ததில்லை. ஆனாலும் செம்புதான் முதலில் என்று இன்றைக்கு நானே எழுதுகிறேன், கவனி. இரும்பை மறந்துவிடு. டிவி கேபிளின் வலையை உரித்துச் சுற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. எந்த உலோகமானாலும் போல்ட் போட்டு முறுக்கி இணைக்காதே. இந்தச் சின்ன வளையம் காற்றில் அலையாக அனுப்பும் சக்திக்கு ஈடான மின்தடை பத்தில் ஒரு ஓம்கூட இல்லை. ஒரு மோசமான ஒட்டு அதே பத்தில் ஒரு ஓமைத் தின்றுவிடும். நீ அனுப்பியதில் பாதி அந்த ஒட்டிலேயே சூடாகிச் செத்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. வளையத்தின் இரு முனைக்கும் நடுவே வரும் கண்டன்சரைக் கேஸ் வைத்துப் பற்றவைக்க வேண்டும். இவ்வளவும் நீ எனக்குச் சொன்னது. பதினாறு வயதில் சொன்னாய். நான் உன்னைக் கிண்டல் செய்தேன்.

அந்த வருஷத்தை நீ உன் மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறாய், நான் என் மாதிரி. உனக்கு அது அப்பாவும் மகளும் சேர்ந்து ரேடியோ கட்டிய வருஷம். விஷ்ராந்த்வாடி வீட்டில் கட்டிலுக்கு அடியில் என் ரேடியோ சாமான்கள் நீ பிறப்பதற்கு முன்பிருந்தே கிடந்தன. கட்கி ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை, சாயங்காலம் வந்தால் காதில் ஹெட்ஃபோன். உலகத்தில் எவனெவனோ மோர்ஸில் பேசிக்கொள்வதைக் கேட்பேன், பதில் சொல்ல எனக்கு லைசென்ஸ் இல்லை. பரீட்சை இரண்டு தடவை எழுதினேன். எழுத்துப் பரீட்சையில் தேறிவிடுவேன், மோர்ஸில் வரும் புள்ளியையும் கோட்டையும் காதால் கேட்டு எழுதும் இடத்தில் கை நின்றுவிடும். மூன்றாம் தடவை துணைக்கு உன்னையும் எழுத வைத்தேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் மோர்ஸ் கீயில் அடித்துக் காட்டுவதைக் கேட்டு நீ பழகியதுதான், வேறு பயிற்சி உனக்குக் கிடையாது. நீ தேறினாய். நான் மூன்றாம் முறையும் விழுந்தேன். அம்மா உனக்கு எவர்சில்வர் டப்பா நிறைய கேசரி கிளறினாள். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

உன் பெயருக்கு லைசென்ஸ் உறை வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அதை ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் பையில், டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். மூன்று வாரம் வைத்திருந்தேன். நீ தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கீழே தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பாய். 'சர்க்கார் ஆபீஸ் அப்படித்தான்மா' என்று நானும் சொல்லுவேன். பிறகு உறையின் ஓரத்தில் குழம்பு பட்டுவிட்டது. இனிமேல் வைத்திருந்தால் மாட்டிக்கொள்வேன் என்றுதான் கொடுத்தேன். தபால்காரன் குடிகாரன் என்றேன். நீ நம்பினாய். நீ எதையும் நம்புவாய் கலை. அது நல்ல குணம் என்று எல்லாரும் சொல்லி வளர்த்துவிட்டோம். அது உன்னிடம் இருக்கும் பெரிய ஓட்டை.

பத்து வாட் டிரான்ஸ்மிட்டரை நான்தான் கட்டினேன். அதில் உனக்குப் பங்கில்லை, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். வளையத்தையும் நான்தான் முதலில் செய்தேன். ஜூனா பஜாரில் பழைய அலுமினியப் பட்டை வாங்கி, நாலு துண்டாக வெட்டி, மூலைக்கு மூலை போல்ட் போட்டுச் சதுரமாக முடுக்கினேன். நீ பார்த்துவிட்டு, 'அப்பா, அலுமினியத்து மேல தோல் மாதிரி ஒண்ணு படியும், ஜாயின்ட்ல கரன்ட் போவாது. ஒரே பைப்பா காப்பர்ல வளைச்சா நல்லாருக்கும்' என்றாய். நூலகத்தில் படித்தாயாம். அப்போது பக்கத்து ஃபிளாட்காரர்கள் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சொன்னேன்: 'பொண்ணுக்கு மஞ்சளா பளபளன்னு இருந்தாத்தான் மனசு வருது. வளையல் கேக்குறதுக்குப் பதிலா ஆன்டெனா கேக்குது.' அவர்கள் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். என் சதுரத்தை வைத்து மூன்று வாரம் நீ ரேடியோவில் கூப்பிட்டாய். லைசென்ஸ் உன் பெயரில், அதனால் நீதான் கூப்பிட வேண்டும். மும்பைகூடத் திரும்பிப் பேசவில்லை.

நாலாவது வாரம் என்னிடம் சொல்லாமல் ஆளந்தி ரோட்டில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் யூசுஃப் பாயிடம் போனாய். சுருட்டி வைத்த புதுச் செம்புக் குழாய் கொஞ்சம் வாங்கி, மொட்டைமாடியில் உருண்டையான தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வளைத்து அழகான வட்டமாக்கி, அவர் கையாலேயே இரண்டு முனையிலும் கண்டன்சரைக் கேஸ் வைத்துப் பற்றவைத்துக்கொண்டு வந்தாய். யூசுஃப் பாய் மறுநாள் என்னை ரோட்டில் நிறுத்தி, 'பாயீ, ஆப்கீ பேட்டி தோ இன்ஜினியர் ஹை' என்றார். உங்கள் மகள் இன்ஜினியராக்கும் என்று. நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அந்த வட்டத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு நெளிசல் இல்லை. இருபது வருஷம் ஃபிட்டர் வேலை செய்தவன் நான், கலை. அவ்வளவு சுத்தமான வேலை என் கையிலிருந்து வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உனக்கு ஜப்பானிலிருந்து பதில் வந்தது. நீ ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் வைத்தாய். கடகடவென்று ஓடும் அந்தச் சத்தத்தில் உன் அழைப்புக் குறி மட்டும் எனக்குப் புரிந்தது. மற்ற எதையும் என்னால் எழுத்தாக்க முடியவில்லை. 'அப்பா, இனிமே நீ என் ஆபரேட்டர்' என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். லைசென்ஸ்காரர் பக்கத்தில் இருந்தால் மட்டும் மற்றவர் கீயைத் தொடலாம் என்று விதி, அதை வைத்துச் செய்த விளையாட்டு. உன் பேச்சில் துளி விஷம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அந்த வாரம் முழுக்க ஃபேக்டரியில் லேத் முன்னால் நின்றுகொண்டு அதையே சொல்லிப் பார்த்தேன். உன் ஆபரேட்டர். உன் ஆபரேட்டர்.

அடுத்த ஞாயிறு நடந்ததை நீ உனக்குத் தெரிந்த விதத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறாய். நான் நடந்ததைச் சொல்கிறேன். வளையம் பால்கனியில் இருந்தது. நான் ஹாலில், முதுகு உன் பக்கம், கீ முன்னால். கீயை அழுத்தினால்தான் வளையத்துக்கு மின்சாரம் போகும். நீ மரக்குச்சியால் கண்டன்சரைத் திருப்பி டியூன் செய்துகொண்டிருந்தாய். குச்சியைப் பிடிக்கும் திருகு லூசாகிச் சுற்ற ஆரம்பித்தது. நீ குச்சியைக் கீழே வைத்துவிட்டு, 'அப்பா, ஸ்க்ரூ லூஸ். கைய உள்ள வுடறேன். கீயத் தொடாத' என்றாய். சத்தமாகத்தான் சொன்னாய். தெளிவாகச் சொன்னாய். என் காதில் விழுந்தது. என் கை மேஜை மேல் இருந்தது. அதை எடுத்துக் கீ மேல் வைத்தேன். இரண்டு மூச்சு விடும் நேரம் அப்படியே வைத்திருந்தேன். உன் விரல் உள்ளே போகட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அழுத்தினேன். ஒரே ஒரு நீளக் கோடு. பத்து வாட்தான், ஆனால் அந்தச் செம்பு நல்ல செம்பு, ஒட்டு நல்ல ஒட்டு, நீ செய்த வேலையில் குறையே இல்லாததால் கண்டன்சரின் இரு பக்கமும் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் நின்றது. என் அலுமினியச் சதுரமாக இருந்திருந்தால் உன் விரல் அவ்வளவு வெந்திருக்காது.

நீ கத்தவில்லை. 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம்தான். முடி கருகும் வாசனை ஹால்வரை வந்தது. நான் ஓடி வந்தேன், வந்து முதலில் செய்தது உன்னைத் திட்டியது. 'அறிவிருக்கா ஒனக்கு? கைய வுடறதுக்கு முன்னாடி சொல்லத் தெரியாதா?' உன் வலது ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவு வெள்ளைக் குழி, கட்டைவிரலில் இன்னொன்று. நீ என் முகத்தைப் பார்த்தாய். ஒரு நிமிஷம் யோசித்தாய். என் கண் முன்னாலேயே உன் ஞாபகம் மாறுவதை நான் பார்த்தேன். 'சாரிப்பா' என்றாய். 'சொன்ன மாதிரி இருந்துச்சு. மனசுல நெனச்சதோட வுட்டுட்டேன் போல.' அந்த சாரி எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா. ஒரு தடவை நீ எதிர்த்துக் கேட்டிருந்தால், 'நான் சொன்னேன்' என்று ஒரே ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தால், அன்றைக்கே நான் உடைந்துபோயிருப்பேன். நீ கேட்கவில்லை.

காயம் வெளியே சின்னது, உள்ளே ஆழம். ரேடியோ தீப்புண் அப்படித்தான். இரண்டு மாதம் டாக்டரிடம் அலைந்தோம். பன்னிரண்டாம் வகுப்புப் பிராக்டிகலை இடது கையால் செய்தாய். விரல் நுனியில் உணர்ச்சி திரும்பவே இல்லை. நீ மறுபடி கீயைத் தொடவில்லை.

அம்மா அப்போது சமையலறை ஜன்னலோரம் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த ஜன்னல் பால்கனிப் பக்கம்தான் திறக்கும். நீ அதை யோசித்ததில்லை. மறுநாள் நீ டியூஷனுக்குப் போனபிறகு என் முன்னால் வந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'இன்னாங்க' என்று கூப்பிட்டவள் அன்றைக்கு நீ என்றாள். 'அவ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அடுப்பாண்ட இருந்த எனக்கே கேட்டுச்சு. ஒனக்குக் கேக்கலியா?' அவள் என் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள், ஏதோ அதில் எழுதியிருப்பது போல. விட்டுவிட்டுப் போய்த் துணி துவைத்தாள். ஆறு மாதம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இதற்கு மேல் நான் எழுதப்போவது உன்னிடம் மிச்சமிருக்கும் நல்லதையும் பிடுங்கிக்கொள்ளும். ஆனாலும் எழுதுகிறேன். ஆம்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து போன பிறகு, 'என் பொண்ணு இன்ஜினியரிங் படிக்கட்டும், கல்யாணம் அப்புறம்' என்று நான் உறவுக்காரர் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேனே, அதை நீ உன் வாழ்க்கையின் பெரிய நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த மாப்பிள்ளைக்கு நான் மனதுக்குள் சரி சொல்லிவிட்டிருந்தேன். நீ ஆம்பூருக்குப் போய் அடுப்படியில் நிற்பது எனக்குப் பிடித்தும் இருந்தது. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் அம்மா சொன்னாள்: 'பொண்ண காலேஜுக்கு அனுப்பறேன்னு நீயே ஒன் வாயால சொல்லணும். இல்லன்னா அவளாண்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்.' பயந்து சொன்னேன். உன் படிப்பு என் பெருந்தன்மை இல்லை. உன் விரலைக் காட்டி அம்மா வாங்கித் தந்தது.

நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு இன்னும் இரண்டு தடவை பரீட்சை எழுதினேன். இரண்டிலும் தோல்வி. இரண்டாம் தோல்வி வந்த அன்று உன் வளையத்தைத் தரையில் போட்டு ஹேக்ஸா பிளேடால் விரல் நீளத் துண்டுகளாக அறுத்தேன். நீ லீவுக்கு வந்து கேட்டபோது மழையில் பச்சை பிடித்து அழுகிவிட்டது என்றேன். செம்பு பச்சை படியும், அழுகாது. பச்சையை எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்துவிட்டு, மேலே வார்னிஷ் ஒரு கை அடித்தால் பால்கனியில் பல வருஷம் நிற்கும். உனக்கு அது அப்போதே தெரிந்திருக்கும். 'ஓ, சரிப்பா' என்று மட்டும் சொன்னாய்.

போன வருஷம் தமிழ்ச் சங்க விழாவில் பிள்ளைகளுக்குப் பேச உன்னை அழைத்தார்கள். பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகப் பேசினாய். விரலைத் தூக்கிக் காட்டி, 'அப்பா சொல்லியும் கேக்காம, சொல்லாம கொள்ளாம கைய வெச்சேன். கேர்லெஸ்னா இதுதான். ஆனா என் அப்பா என்னைப் படிக்க வெச்சார்' என்றாய். கைதட்டினார்கள். செயலாளர் மேடையிலிருந்து இறங்கி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். அன்றைக்கு அந்தப் பொய்யை நூறு பேர் கேட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை சங்கத்தின் ஆண்டு மலருக்கும் கொடுக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், ஆனால் படிப்பவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். உனக்கு அது வலிக்கும் என்றும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன். என்னை மட்டும் இல்லை, யாரையும் கீ முன்னால் உட்கார வைத்துவிட்டு வளையத்தில் கை வைக்காதே. வாயால் சொல்வது போதாது. டிரான்ஸ்மிட்டர் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி உன் பக்கத்தில், உன் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொண்டு பிறகு விரலை விடு. கீயில் உட்கார்ந்திருப்பவனுக்கு உன் மேல் பாசம் இருப்பது ஒரு பாதுகாப்பே இல்லை. எனக்கு உன் மேல் பாசம் இருந்தது. அழுத்திய அந்த நொடியிலும் இருந்தது.

அம்மா இந்த ஆடியில் போனாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவள் தெளிவாகப் பேசிய ஒரு மத்தியானம், நீ கேன்டீனுக்குப் போயிருந்தாய். 'கலைகிட்ட சொல்லிடட்டுமா' என்று அவளைக் கேட்டேன். அவள் நல்லவள், சொல்லச் சொல்லுவாள், அவள் சொன்னால் எனக்குத் தைரியம் வரும் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: 'வோணாம். அவ அப்பான்னு ஒருத்தன வெச்சிக்கினு இருக்கா. அவன எடுத்துட்டா அவளுக்கு இன்னா இருக்குது? சொன்னா ஒனக்கு நிம்மதி. அவளுக்கு இன்னா? நீயே வெச்சிக்கினு சாவு.' கொஞ்ச நேரம் கழித்து, 'ஒன் பாரத்தத் தூக்கி அவ தலைல வெச்சிட்டு நீ நல்லா சோறு துன்னுவ' என்றாள். நீ இரண்டு டீயோடு உள்ளே வந்தாய். அம்மா உன்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் கடைசியாகக் கேட்ட அதையும் நான் செய்யவில்லை. இன்றைக்குக் காலை ஆறு மணிக்கு எழுத உட்கார்ந்தேன், இப்போது மணி மூன்று. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எழுதினேன் என்று நினைக்காதே, கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், அந்தக் கொடுமையையும் உனக்குச் செய்ய நான் தயாரில்லை. அம்மா போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, தெரியுமல்லவா, நீயும் வந்து வந்து கெஞ்சினாயே. இப்போது ஒரு தட்டு சோறும் ரசமும் சாப்பிட்டேன். மறுபடி போட்டுக்கொண்டேன். நன்றாக இருந்தது.

அப்பா